இன்ஜின்ல ஒண்ணுமில்லீங்க

வாங்க, இப்படி நெழலுக்கு வந்துருங்க. வண்டி எங்கயும் ஓடிப்போயிராது. நீங்க சுத்திச் சுத்திப் பாத்ததை நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். டயரைத் தட்டிப் பாத்தீங்க, கீழ படுத்துப் பாத்தீங்க, ஆயில் கம்பிய உருவி மோந்துகூடப் பாத்தீங்க. வெவரமான ஆளுதான். இப்பெல்லாம் செல்போன்ல போட்டோவைப் பாத்துட்டு வண்டி வாங்கறானுங்க.

இன்ஜினைத் தொறந்திருக்காப்ல தெரியுதே, எதுக்குத் தொறந்தீங்கன்னு கேட்டீங்க. கேக்கறது நாயந்தானுங்க. பத்தொன்பது வருச வண்டி. கேக்காம இருந்தாத்தான் தப்பு. சுருக்கமாச் சொல்லோணும்னா, இன்ஜின்ல ஒண்ணுமில்லீங்க. ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சுக்கறதுக்குத்தான் தொறந்தோம். இப்படிச் சொன்னா உங்களுக்கு நான் ஏதோ முழுங்கறாப்ல இருக்கும். அதனால வெவரமாவே சொல்லிப்போடறேன். டீ வருது, குடிச்சுக்கிட்டே கேளுங்க. வெலைப் பேச்சைப் பொறவு வச்சுக்கலாம்.

என்ற பேரு அர்த்தநாரி. ஆர்.சி. புக்குல என்ற பேருதான் இருக்குது. ஆனா பாதி வண்டி என்ற தம்பி நல்லசிவத்தோடது. ரெண்டு பேருஞ் சேந்து வாங்குனது. முப்பது வருசம் லாரி ஓட்டினவன் நானு. சர்க்கரை வந்து காலு மரத்துப்போச்சு, கிளச்சு மிதிக்கறது தெரியாமப் போச்சுன்னு எறங்கிட்டேன். அதுக்கப்பறம் நல்லசிவம்தான் ஓட்டினான். நான் லோடு புடிச்சுக் குடுக்கறது, மில்லுல பேசறது, டயரு, எப்.சி.ன்னு வெளிச் சோலியப் பாக்கறது. அவனுக்கும் எனக்கும் பதினோரு வயசு வித்தியாசம். ஒரு நா ஒரு பொழுது எதுத்துப் பேசுனதில்ல. நான் சொன்னா சொன்னதுதான். அப்படி ஒரு தம்பி யாருக்குங்க அமையும்?

போன வருசத்துக்கு முந்துன வருசம், காத்திகை மாசம். கெழங்கு சீசன் ஆரம்பிக்கற நேரம். எங்க பக்கம் மரவள்ளிக் கெழங்குதான் லாரிக்காரனுக்குப் பொழப்பு. காட்டுல புடுங்கிப் போட்டா ரெண்டு நாளைக்குள்ள ஜவ்வரிசி மில்லுக்குப் போயாவோணும். தாமசமானா மாவு கொறைஞ்சுரும், மில்லுக்காரன் எடுக்க மாட்டான். அதனால அந்த மூணு நாலு மாசத்துக்கு லாரி நிக்கவே கூடாது. இதைக் கொஞ்சம் மனசுல வச்சுக்கங்க. ஏன்னா இதைப் புரிஞ்சுக்காதவங்கதான் பின்னாடி என்னென்னமோ பேசறாங்க.

ஒரு நா பொழுது சாயற நேரத்துக்கு வண்டியக் கொண்டாந்து நிறுத்திட்டு நல்லசிவம் வந்தான். "அண்ணா, இன்ஜின்ல ஒரு சத்தம் வருதுங்கண்ணா"ன்னான்.

"என்ன சத்தம்?"

"டக்கு டக்குங்குது. எப்பவும் வர்றதில்ல. லோடோட மேம்பாலம் ஏறறப்ப, மூணாவது கியர்ல மட்டும் வருது. காலி வண்டில வர்றதில்ல. நிறுத்திவச்சு ரேஸ் பண்ணிப் பாத்தேன், அப்பவும் வரல."

"நிறுத்திவச்சா வராத சத்தம் என்னடா சத்தம்? மேல தார்ப்பாய்க் கயிறு அடிக்கும்"ன்னேன்.

"கயிறு இல்லீங்கண்ணா. காலுக்குள்ளயே அடிக்கற மாதிரி இருக்குது"ன்னான்.

சரின்னு ஆரோக்கியம் மேஸ்திரிகிட்டக் கூட்டிட்டுப் போனேன். பட்டறைல வண்டிய நிறுத்தி மேஸ்திரி காதை வச்சுக் கேட்டாரு. ஒண்ணும் கேக்கல. நல்லசிவம் திருப்பித் திருப்பிச் சொல்றான், டக்கு... ஒரு மூச்சு விட்டு டக்கு டக்கு... அப்படின்னு. மேஸ்திரி ரோசனை பண்ணிட்டு, "ராடு பேரிங் தேஞ்சிருக்குமோன்னு ஒரு சந்தேகம் இருக்குது. தொறந்து பாக்காம எதுவுஞ் சொல்ல மாட்டேன். பேரிங்கா இருந்து அப்படியே ஓட்டினீங்கன்னா, ஒரு நா ராடு ஒடைஞ்சு இன்ஜினைப் பொத்துக்கிட்டு வெளிய வந்துரும். பொறவு அது இன்ஜினில்ல, பழைய இரும்பு"ன்னாரு.

"தொறந்தா எத்தனை நா ஆகும்?"

"சாமான் கெடைக்கறதப் பொறுத்து, இருவது நாளு."

இருவது நாளு! கெழங்கு சீசன்ல! நீங்களே சொல்லுங்க. நானும் லாரிக்காரன்தானுங்க. சந்தேகத்துக்கெல்லாம் இன்ஜினைத் தொறந்தா எவன் பொழைக்க முடியும்? "சீசன் முடியட்டும் மேஸ்திரி, பங்குனில தொறந்துக்கலாம்"ன்னு சொன்னேன். நல்லசிவமும் சரீங்கண்ணான்னுட்டான். அவன் மொகம் கொஞ்சம் வாடுச்சுன்னு மேஸ்திரி பின்னாடி சொன்னாரு. நான் கவனிக்கல.

மார்கழி கடைசில அவனுக்குக் காச்சல் வந்து ரெண்டு நா படுத்துட்டான். லோடு பேசி வச்சாச்சு, காட்டுல கெழங்கு கெடக்குது. நானே எடுத்துட்டுப் போனேன். மரத்துப்போன காலோடதான். ரெண்டு நாளும் லோடு ஏத்தி, அதே மேம்பாலத்துல ஏறி எறங்குனேன். வந்து அவன் ஊட்டுக்குப் போய்ப் பாத்தேன். போத்திப் படுத்திருந்தான். அவன் பொண்டாட்டி பூங்கோதை கஞ்சி ஆத்திக்கிட்டு இருந்துச்சு.

படுத்துக்கிட்டே கேட்டான். "கேட்டுச்சுங்களாண்ணா?"

"ஒண்ணுங் கேக்கலியேடா. இன்ஜினு நல்லாத்தான் ஓடுது"ன்னேன்.

பூங்கோதை சிரிச்சுச்சு. "முப்பது வருசம் ஓட்டின மாமாவுக்கே கேக்கலைன்னா, கோளாறு வண்டில இல்லீங்க, உங்க காதுலதான்"ன்னுச்சு. அவனும் சிரிச்சான். நானுஞ் சிரிச்சேன்.

அதோட அவன் எங்கிட்ட சத்தத்தைப் பத்திப் பேசறதை விட்டுட்டான். ஆனா தை மாசம் பொங்க முடிஞ்சு ஒரு நா ஈரோட்டுக்குக் காது டாக்டருகிட்டப் போயிருக்கறான். பூங்கோதை கூட்டிக்கிட்டுப் போயிருக்குது. காதுக்குள்ள ஏதோ மிசின வச்சுப் பாத்துட்டு, காது சுத்தமா இருக்குது, ஒண்ணுமில்லைன்னு சொல்லி அனுப்பிட்டாராம். இது எனக்கு அப்பத் தெரியாது. பின்னாடிதான் தெரிஞ்சுது. பாருங்க, நான் கேக்கலைன்னு சொன்ன ஒரு சொல்லுக்காக அவன் காதையே சந்தேகப்பட்டுப் போயிருக்கறான். அம்புட்டு நம்பிக்கை என்ற மேல.

அப்பறம் பாட்டுப் போடறதை நிறுத்திட்டான்னு சொன்னாங்க. முன்னாடியெல்லாம் ஊருக்குள்ள வர்றப்பவே பாட்டுச் சத்தம் கேக்கும். கண்ணாடிய எறக்கி விட்டுக்கிட்டு, தலையச் சாய்ச்சுக்கிட்டு ஓட்டினானாம். பாக்கறவங்களுக்குத் தூக்கம் புடிச்சவனாட்டத் தெரிஞ்சிருக்குது.

மாசி மாசம், ஒரு புதங்கெழமை. பகல் பதினோரு மணி. லோடோட மேம்பாலம் ஏறியிருக்கறான். ஏறி எறங்குனதும் அங்க ஒரு பஞ்சர் கடை இருக்குது. அதுக்குச் சித்த முன்னால வண்டிய ஓரங்கட்டிருக்கறான். இன்ஜினை ஆப் பண்ணல. ஓடவிட்டுட்டே எறங்கி, டிரைவர் பக்கமா, அதாவது ரோட்டுப் பக்கமா, முன் சக்கரத்துக்குப் பக்கத்துல மண்டி போட்டு உக்காந்து காதை வச்சுக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கறான். பஞ்சர் கடைக்காரரு பாத்திருக்காரு. கண்ணை மூடிக்கிட்டு இருந்தாப்லன்னு சொன்னாரு. பின்னாடி ஒரு பால் வேனு வெசயா வந்திருக்குது. கடைக்காரரு கத்தியிருக்காரு. இன்ஜின் சத்தத்துல கேக்கல.

அவ்வளவுதானுங்க.

ஆரோ போன் பண்ணிச் சொன்னாங்க. மொபெட்டை எடுத்துக்கிட்டு நான் போறதுக்குள்ள கூட்டம் கூடிருச்சு. ஒரு வேட்டியப் போத்தி வச்சிருந்தாங்க. வண்டி அப்படியே ஓடிக்கிட்டு இருந்துச்சு. நான் நேராப் போயி, வண்டில ஏறி, இன்ஜினை ஆப் பண்ணினேன். இது பெரிய பேச்சாப் போச்சுங்க ஊருக்குள்ள. தம்பியப் பாக்காம வண்டியப் பாத்தான், டீசல் போயிருமுன்னு ஓடுனான்னு. நான் டீசலுக்கா ஏறுனேன்? எனக்கு ஏன் ஏறுனேன்னே தெரியல. அந்த எடத்துல அந்தச் சத்தம் ஓடிக்கிட்டே இருந்தது எனக்கு ஆவல. அவ்வளவுதான்.

இன்னொண்ணையும் பேசுனாங்க. வண்டில இருந்த கெழங்கை அன்னிக்கு மத்தியானமே வேற லாரில மாத்தி மில்லுக்கு அனுப்பினேன். ஆமாங்க, அனுப்பினேன். இன்னொருத்தன் வெள்ளாமை அது. அவன் என்ன பாவம் பண்ணினான்? போலீஸ்காரங்ககிட்டக் கெஞ்சிக் கேட்டு, நின்னு பாத்து ஏத்தி அனுப்பிட்டுத்தான் ஆசுபத்திரிக்குப் போனேன்.

எனக்கு அழுகை வரலீங்க. இன்னிக்கு வரைக்கும் வரல. பதினாறாம் நாள் காரியத்துல கற்பூரத்தைத் தொட்டு வெரலைச் சுட்டுக்கிட்டேன். பொழுதோட கொப்புளத்தைப் பாத்துட்டு எங்கூட்டுக்காரி கேக்கறா, இது எப்பன்னு. எனக்குத் தெரியல. சர்க்கரைக்குப் பாக்கற டாக்டருகிட்டச் சொன்னேன். வெரல் மரத்துப்போயிருக்கும், பாத்து இருங்கன்னாரு. அழுகை வராததைப் பத்தியுங் கேட்டேன். அதுக்கு மாத்திரைய மட்டும் மாத்தி எழுதினாரு.

போலீஸ்ல இருந்து வண்டி வந்து இங்கதான், இந்த எடத்துல, தார்ப்பாயப் போத்தி ஒரு வருசம் நின்னுச்சு. பால் வேன்காரன் மேல கேசு நடக்குது. அது அவன் தப்புத்தானுங்க. எழுதி வச்சிருக்குது. இன்ஜினப் பத்தி எவனும் எங்கயும் எழுதல.

ஒரு வருசம் நின்ன வண்டி என்னாகுமுன்னு உங்களுக்குத் தெரியாததில்ல. டயரு எறங்கிருச்சு, பேட்டரி போச்சு. எப்.சி. முடிஞ்சுபோச்சு. சொந்தக்காரங்க அல்லாரும் ஒண்ணு ரிப்பேரு பண்ணி ஓட்டு, இல்லாட்டி தள்ளிவிடுன்னாங்க. நானும் ரோசனை பண்ணினேன். பத்தொன்பது வருச வண்டிக்கு இன்ஜின் வேலை பாக்கறது புத்திசாலித்தனமா? மேஸ்திரியே சந்தேகப்பட்ட இன்ஜினு. தொறந்தா எது எதைக் கேக்குமோ. அதுக்கு உடைக்கப் போட்டறலாமுன்னு முடிவு பண்ணினேன். சேலத்துல இருந்து பழைய இரும்புக்காரரு வந்து பாத்துட்டு, திங்கக்கெழமை வந்து இழுத்துக்கறேன்னு சொல்லிட்டும் போயிட்டாரு. உள்ளதைச் சொல்றேன், அன்னிக்கு எனக்கு நெம்ப நிம்மதியா இருந்துச்சு. வண்டி போயிட்டா எடம் காலியாகும், ஒரு கொடாப்பு வச்சு நாலு கோழி வளக்கலாம், அப்படின்னு.

ஞாயித்துக்கெழமை காத்தால பூங்கோதை வந்துச்சு. பக்கத்து ஊடுதான், அதோ அந்தப் பச்சை பெயிண்டு அடிச்சது. நூல் மில்லுக்கு வேலைக்குப் போவுது இப்ப. ஒரு எருமை வச்சிருக்குது, எங்களுக்கும் பாலு அங்கிருந்துதான். பால் சொம்பைக் குடுத்துட்டு நின்னுக்கிட்டே இருந்துச்சு.

"என்ன அம்மணி?"

"வண்டிய உடைக்கப் போடறதுக்கு முன்னால இன்ஜினைத் தொறந்து பாக்கோணுமுங்க மாமா."

"இரும்புக்குப் போறதைத் தொறந்து என்னத்தைப் பாக்கறது?"

"அவருக்குக் கேட்டது என்னன்னு பாக்கோணுமுங்க."

நான் பொறுமையாத்தான் சொன்னேன். "ஒண்ணுங் கெடையாது அம்மணி. நானே ரெண்டு நா ஓட்டிப் பாத்தனல்ல? உம்பட முன்னாலதான வந்து சொன்னேன்?"

"சொன்னீங்க மாமா. நானுஞ் சிரிச்சேன்"ன்னுச்சு.

அப்பத்தான் அந்தக் காது டாக்டரு சங்கதியச் சொல்லுச்சு. சொல்லிட்டு, "டாக்டரு காதுல ஒண்ணுமில்லைன்னுட்டாரு. நீங்க வண்டில ஒண்ணுமில்லைன்னுட்டீங்க. அப்ப அவரு எதைக் கேக்கறதுக்குங்க மாமா நடு ரோட்டுல மண்டி போட்டாரு? அது தெரியாம என்னால இதை இரும்புக்கு விட முடியாது. பாதி வண்டி என்றதுதானுங்க"ன்னுச்சு.

அத்தனை வருசத்துல அந்தப் புள்ள எங்கிட்ட அம்புட்டு நீளமாப் பேசுனது அன்னிக்குத்தான். சத்தம் போடலீங்க. மெதுவாத்தான் பேசுச்சு. பேசறப்ப என்ற மொகத்தைப் பாக்கல, வண்டியவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நான் வெட்டிச் செலவுன்னு சொன்னேன். மேஸ்திரிகிட்ட ஏற்கெனவே பேசியாச்சு, செலவு என்றதுன்னுச்சு. எங்கூட்டுக்காரி வேற உள்ள இருந்து, "தொறந்துதான் பாருங்களே, உங்களுக்கென்ன வந்துச்சு"ங்கறா. எனக்கென்னங்க வந்துச்சு? எனக்கு ஒண்ணுமில்ல. தொறக்கட்டுமுன்னு விட்டுட்டேன். இரும்புக்காரருக்குப் போனைப் போட்டு வர வேண்டாமுன்னு சொல்லிட்டேன்.

பட்டறைக்கு இழுத்துட்டுப் போயி, இன்ஜினை எறக்கி, தொறந்து முடிக்க மூணு நா ஆச்சு. பூங்கோதை மில்லுக்கு லீவு சொல்லிட்டு மூணு நாளும் வந்து உக்காந்துக்குச்சு. அங்க பொம்பளைங்க ஆரும் வர மாட்டாங்க. ஒரு டயரு மேல உக்காந்துக்கிட்டு, மேஸ்திரி கழட்டிக் கழட்டி வைக்கற ஒவ்வொரு சாமானையும் பாத்துக்கிட்டே இருந்துச்சு. நானும் போயிருந்தேன். போகாம இருந்தா அதுக்கொரு பேச்சு வரும்.

மூணாவது நா மத்தியானம் மேஸ்திரி பேரிங்கைக் கழட்டி, தொடச்சு, வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரு. திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்பறம் எங்கிட்டக் குடுத்தாரு. கண்ணாடியாட்ட இருந்துச்சுங்க. ஒரு கீறல் இல்ல. ஆறு ராடும் அப்படித்தான். கிராங்கும் அப்படித்தான். "அர்த்தநாரிண்ணா, இந்த இன்ஜின் இன்னும் பத்து வருசம் ஓடும்"ன்னாரு.

எனக்கு ஒடம்பெல்லாம் லேசாயிருச்சு. "பாத்தியா அம்மணி, இன்ஜின்ல ஒண்ணுமில்ல. நான் சொன்னேனல்ல?"ன்னேன். கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன்னு நெனைக்கறேன், பக்கத்துப் பட்டறைல வெல்டு வச்சுக்கிட்டு இருந்தவன் திரும்பிப் பாத்தான். அந்த ஒரு வருசத்துல அன்னிக்குத்தானுங்க எனக்குப் பசின்னு ஒண்ணு எடுத்துச்சு. எதுத்தாப்ல இருக்கற கடைக்குப் போயி நாலு பரோட்டா சாப்பிட்டேன். சர்க்கரைக்காரன் சாப்பிடக் கூடாதுதான். சாப்பிட்டேன்.

திரும்பி வந்து பாத்தா, மேஸ்திரி வெளிச் சாமானையெல்லாம் டீசல்ல கழுவிக்கிட்டு இருக்கறாரு. பூங்கோதை கையில ஒரு இரும்புத் துண்டை வச்சுக்கிட்டு நின்னுது. காத்துப் பிரேக்குக்கு ஒரு கம்ப்ரசரு இருக்குதுங்கல்ல, அதை இன்ஜினோட சேத்துப் புடிக்கற பிராக்கெட்டு. பத்தொன்பது வருசத்து ஆயில் அழுக்கு அப்பிக் கெடந்துச்சா, கழுவறதுக்கு முன்னால ஆருக்குந் தெரியல. கழுவுனா ஒரு வெரல் நீளத்துக்கு வெடிச்சிருக்குது. பின்னால இருக்கற போல்ட்டு ஒண்ணு ஒடைஞ்சு பாதிதான் இருக்குது.

மேஸ்திரி சொன்னாரு, "லோடுல ஏறறப்ப இன்ஜின் ஒரு பக்கமாத் திமிருமல்ல, அப்ப இந்த வெடிப்பு வாயைத் தொறக்கும். கம்ப்ரசரு போயி பிளாக்குல அடிக்கும். டக்கு டக்குன்னு. நிறுத்தி வச்சாக் கேக்காது. காலி வண்டில கேக்காது. அவரு சொன்னது அத்தனையும் சரி. நான்தான் பேரிங்குன்னு நெனச்சுட்டேன்."

பூங்கோதை கேட்டுச்சு, "இதைச் சரி பண்ண எத்தனை நாளாகுமுங்க?"

"நாளா? வெல்டு வச்சு, போல்ட்டை மாத்துனா அரை மணி நேரம்மா. வண்டிய நிறுத்தின எடத்துலயே பண்ணியிருக்கலாம்."

எனக்கு ஒரு வார்த்தை சொல்லோணுமுன்னு தோணுச்சு. "ஆனா பாருங்க மேஸ்திரி, இது இன்ஜினில்லையே. வெளிச் சாமான்தான். இன்ஜின்ல ஒண்ணுமில்லைன்னுதான் நான் சொன்னது"ன்னேன். சொன்னது தப்புங்களா? உள்ளதுதானுங்களே? ஆரோக்கியம் மேஸ்திரி குனிஞ்சு கழுவ ஆரம்பிச்சுட்டாரு. பூங்கோதை அந்தப் பிராக்கெட்டைக் கீழ வச்சுட்டு, கையில இருந்த ஆயிலை மரத்தூள்ல தொடச்சுக்கிட்டே இருந்துச்சு. நெம்ப நேரம் தொடச்சுச்சு.

இன்ஜினு நல்லா இருக்கறப்ப இரும்புக்குப் போடறது பாவமுன்னு தோணுச்சு. அல்லாத்தையும் பூட்டச் சொல்லிட்டேன். வெல்டு வச்சாச்சு, புது போல்ட்டு போட்டாச்சு, டயரு, பேட்டரி, எப்.சி.ன்னு அல்லாஞ் செஞ்சு முடிச்சாச்சு. லோடு வச்சு ஓட்டிப் பாத்தாத்தான் வேலை முடிஞ்சதுன்னு அர்த்தமுன்னாரு மேஸ்திரி. எம்-சாண்டு ஏத்தினோம். பூங்கோதை, நானும் வர்றேன்னுச்சு. வேண்டாமுன்னு சொல்ல நான் ஆரு?

மேஸ்திரி ஓட்டினாரு. சன்னலோரம் பூங்கோதை உக்காந்துச்சு. நடுவுல, இன்ஜின் பெட்டி மேல நானு. ஊரைத் தாண்டி, ரைஸ் மில்லைத் தாண்டி, மேம்பாலம் வந்துச்சு. ஏற ஆரம்பிச்சுது. பாதி ஏறுனதும் மேஸ்திரி மூணாவது கியருக்கு மாத்தினாரு. இன்ஜின் திமிர்றது எனக்குக் கீழ தெரிஞ்சுது. எனக்குக் காலுதான் மரத்துப்போச்சு, உக்கார்ற எடமெல்லாம் நல்லாத்தான் இருக்குது. மூச்சை அடக்கிக்கிட்டு இருந்தேன். அந்த எடம் வந்துச்சு, தாண்டுச்சு. இன்னும் கொஞ்சம் ஏறுச்சு. சத்தம் வரல.

"நின்னுபோச்சு"ன்னேன்.

பூங்கோதை திரும்பிப் பாத்துச்சு.

"எதுங்க மாமா நின்னுபோச்சு?"

நான் முன் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கிட்டேனுங்க. மேஸ்திரி ரோட்டையே பாத்து ஓட்டறாரு. பாலத்து உச்சி வந்து, எறங்க ஆரம்பிச்சுது. அந்தப் புள்ள என்ற மொகத்தை விட்டுக் கண்ணை எடுக்கல. கோவமெல்லாம் இல்லீங்க. ஒரு கணக்குக்கு விடை பாக்கறாப்ல பாத்துச்சு. பஞ்சர் கடை வந்ததும், "மேஸ்திரி, நிறுத்துங்க"ன்னுச்சு. எறங்குச்சு. அந்த எடத்துல நிக்கக்கூட இல்ல. ரோட்டைத் தாண்டி, வந்த வழியே நடந்து போயிருச்சு. அங்கிருந்து ஊட்டுக்கு மூணு மைலு.

ஒரு வார்த்தை வாய் தவறி வர்றது மனுசனுக்கு சகசந்தானுங்களே? சரி, கேட்டுச்சுன்னே வச்சுக்கங்க. மார்கழில நான் ஓட்டினப்பக் கேட்டுச்சுன்னே ஒரு பேச்சுக்கு வச்சுக்கங்க. லாரின்னா ஆயிரஞ் சத்தம் இருக்கும். எதை எடுத்துக்கறது எதை விடறதுன்னு ஓட்டறவனுக்குத் தெரியும். நான் எடுத்துக்கல. சீசனு முடியட்டுமுன்னு இருந்தேன். பங்குனிக்கு இன்னும் அறுவது நாளுதான் இருந்துச்சு. அறுவது நாளு ஒரு சத்தத்தைப் பொறுத்துக்கிட்டு ஓட்ட முடியாதா ஒருத்தனால? நான் ஓட்டியிருப்பேன். பாட்டைச் சத்தமா வச்சுக்கிட்டு ஓட்டியிருப்பேன். அவன் எறங்கிக் காதை வைப்பான்னு ஆருக்குத் தெரியும்?

அடுத்த நா காத்தால வாசல்ல சொம்பு இருந்துச்சு. அதே பாலு. ஒரு சொட்டுக் கொறையல, தண்ணி கலக்கல. நாலு மாசமாச்சுங்க, ஒரு நா தவறல. எங்கூட்டுக்காரிகிட்ட நல்லா பேசுது. ரெண்டு பேரும் மாரியம்மன் கோயில் நோம்பிக்குச் சேந்துதான் மாவிளக்கு எடுத்தாங்க. அவகிட்ட அது ஒண்ணுமே சொல்லல, எனக்குத் தெரியும், சொல்லியிருந்தா எங்கூட்டுக்காரி என்னை இந்த ஊட்டுல வச்சிருக்க மாட்டா. சொந்தக்காரங்ககிட்டச் சொல்லல. மேஸ்திரியும் வாயைத் தொறக்கல. நாலு வார்த்தை வைஞ்சிருந்தாக்கூடப் பரவாயில்ல. ஒரு நா வையுமுன்னு காத்தால எந்திரிச்சு இங்க வந்து உக்காந்துக்கறேன். சொம்பை வச்சுட்டு, "பாலுங்க மாமா"ன்னு சொல்லிட்டுப் போயிருது. முன்னாடியெல்லாம் எப்படிச் சொல்லுமோ அதே மாதிரி. அந்தப் பாலுல காப்பி வச்சுக் குடிக்கறேன். எனக்கு ருசி ஒண்ணுந் தெரியறதில்ல. அது மாத்திரைனாலயா இருக்கும்.

வண்டிய ஓட்டறதுக்கு ஆளு போட்டுப் பாத்தேன், ரெண்டு வாரம். ஓட்டினவன் குறை சொல்லல. எனக்குத்தான் அது வாசல்ல வந்து நின்னா ஒரு மாதிரியா இருந்துச்சு. வித்தறலாமுன்னு முடிவு பண்ணினேன்.

பாதி வண்டி பூங்கோதையோடதுங்கறதால போன வெள்ளிக்கெழமை விக்கற பேப்பரை எடுத்துக்கிட்டு அங்க போனேன். பூங்கோதை வாங்கி, நின்னுக்கிட்டே படிச்சு, சன்னல் திண்டுல வச்சுக் கையெழுத்துப் போட்டுச்சு. பேப்பரைத் திருப்பிக் குடுக்கறப்ப ஒண்ணு சொல்லுச்சு.

"வாங்க வர்றவங்ககிட்ட மறைக்காம அல்லாத்தையுஞ் சொல்லிப்போடுங்க மாமா."

சரி அம்மணின்னேன். நாயந்தானுங்களே அது? நாளைக்கு நீங்க லோடோட போறப்ப எதாச்சும் ஆயிப்போச்சுன்னா அந்தப் பழி நமக்கெதுக்கு? அதனாலதான் நீங்க கேட்ட ஒரு கேள்விக்கு இத்தனையும் சொன்னது. வாங்க, எந்திரிங்க, கையோட காட்டிப்போடறேன். இப்படி இந்தப் பக்கமாக் குனிஞ்சு பாருங்க. தெரியுதுங்களா, அந்தக் கம்ப்ரசருக்கு அடியில, வெள்ளையா ஒரு கோடு? அதுதான். பிராக்கெட்டுல ஒரு வெல்டு இருக்குது. அது ஒண்ணுதானுங்க. வேற மறைக்கறதுக்கு இந்த வண்டில ஒண்ணுமில்லீங்க.